கையெழுத்து போடாமல் இருக்கும் உரிமை

வான்கூவரில் ஒரு கட்டுமானப் பணியிடத்தின் வாசலில் நின்று நானும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். அது ஒரு மே மாதம். பூர்வகுடி மூதாட்டி ஒருவர் கைமேளம் தட்டி வாழ்த்துப் பாட்டுப் பாடினார். நிறுவனத்தின் மேலாளர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார்: "நாம் நிற்கும் இந்த நிலம் பூர்வகுடி மக்களுடையது. அவர்கள் இதை யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை." எல்லாரும் ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றோம். பிறகு கேக் வெட்டினார்கள். 'பூர்வகுடிச் சமூகங்களுடன் நமது கூட்டாண்மை' என்று பின்னால் பெரிய பேனர் கட்டியிருந்தது.

நான் அங்கே போனது வேலை விஷயமாக. செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரி ஒன்றில் பிறந்து, சமூகவியலில் எம்.ஏ. முடித்து, ஊரில் சில ஆண்டுகள் களப்பணி செய்துவிட்டு இந்த நாட்டுக்கு வந்தவள். இங்கே வீடற்றவர்களுக்கான ஒரு சிறிய அமைப்பில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். கனடாவின் மக்கள்தொகையில் பூர்வகுடிகள் 5 சதவீதம். எங்கள் இரவுத் தங்குமிடத்துக்கு வருகிறவர்களில் அவர்களின் பங்கு அதைவிடப் பல மடங்கு. அவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பதும் என் பொறுப்பு. அந்தக் கட்டுமான நிறுவனம் எங்கள் அமைப்போடு ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தது. நாங்கள் ஆட்களை அனுப்ப வேண்டும், அவர்கள் இரண்டு வாரம் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

நான் அனுப்பிய ஒரு தம்பி, வயது 22, அன்றைக்கு மஞ்சள் ஜாக்கெட்டும் புது ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு மேலாளரின் பக்கத்தில் நின்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. என் அம்மா பத்தொன்பது வருஷம் சித்தாளாக இருந்தவர். பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தபோது அவற்றில் சிலவற்றுக்குச் செங்கலும் ஜல்லியும் சுமந்தவர். எந்த முதலாளியும் அம்மாவைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்ததில்லை. இங்கேயாவது ஒருவனுக்கு அந்த மரியாதை கிடைக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் பார்த்த வேலை, சாலையோரம் நின்று 'நில்', 'மெதுவாகப் போ' என்று எழுதிய பலகையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவது. தச்சு, மின்சாரம், குழாய் வேலை எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. ஏழாவது வாரம் என் அறைக்கு வந்தான். வேலை போய்விட்டது. ஏன் என்று கேட்டேன். சாலைப் பக்கத்து வேலை முடிந்துவிட்டதாம், வேறு வேலை வந்தால் கூப்பிடுகிறார்களாம். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்: "வேலியில என் போட்டோவப் பெருசா மாட்டியிருக்காங்க. என் போட்டோவுக்கு இன்னும் வேலை இருக்கு."

நானும் சிரித்துவிட்டேன். அவன் போன பிறகு சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவன் வேலையில் சேர்ந்த நாலாவது வாரமே, எங்கள் அமைப்புக்கு நிதி தருபவர்களுக்கான படிவத்தில் 'வேலைவாய்ப்பு: வெற்றி' என்ற கட்டத்தை நான் டிக் செய்துவிட்டேன். நாலு வாரம் தாண்டினால் வெற்றி, அதுதான் விதி. நிறுவனத்துக்கும் ஒரு கணக்குக் கூடியது, எங்களுக்கும் ஒரு கணக்குக் கூடியது. அவன் மட்டும் திரும்பவும் தங்குமிடத்துக்கு வந்தான். பெயரளவுப் பிரதிநிதித்துவம் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அந்தக் கட்டத்தை டிக் செய்தபோது அதில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

அன்று ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது என் சித்தி.

சித்தியின் கையெழுத்து

2011 உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஊராட்சி, பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. சித்தி தலைவரானார். எட்டாவது வரை படித்தவர், கெட்டிக்காரி. ஆனால் அவரை வேட்பாளராக நிறுத்தியது ஊர்த் தெருவில் இருந்த ஒரு கான்டிராக்டர் குடும்பம். அந்தக் குடும்பத்துப் பையன்தான் துணைத் தலைவர். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் நாளே காசோலைப் புத்தகத்தை மொத்தமாகக் கொண்டு வந்து, "எல்லாத்துலயும் போட்டுடு அக்கா, அடிக்கடி ஒன்ன அலைய வெக்க வேணாம்" என்றானாம். சித்தியும் போட்டுக் கொடுத்தார். சிமெண்ட் சாலை, கழிவுநீர்க் கால்வாய், தெருவிளக்கு என்று எல்லாம் அந்தக் குடும்பத்துக் கான்டிராக்ட். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியதும், கல்வெட்டில் பெயர் இருந்ததும் சித்தி. "கையெழுத்து நம்முது, காசு அவங்குளுது" என்று சித்தி சொல்வார்.

நாலாவது வருஷம் ஒரு சாலை போட்டார்கள். ஊர்த் தெரு முடிகிற இடத்தில் சாலையும் முடிந்துவிட்டது. பில் மட்டும் காலனிக் கடைசி வரைக்கும் போட்டிருந்தது. சித்தி கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். வீட்டுக்கு வந்து மிரட்டினார்கள். எங்கள் பக்கத்துத் தண்ணீர் மோட்டார் பழுது என்று சொல்லி இரண்டு வாரம் நிறுத்தினார்கள். காலனியிலேயே சிலர், "போட்டுக் குடுத்துட்டுப் போயேன்" என்றார்கள். சித்தி அசையவில்லை. நாலு மாதம் கழித்து, காலனிக்குள் பாதி தூரம் சாலை வந்தது. மீதிப் பாதி இன்றைக்கும் மண்தான். ஆனால் சித்தி இன்றும் சொல்வது இதுதான்: "அஞ்சு வருசத்துல நான் தலைவரா இருந்தது அந்த நாலு மாசந்தான்."

இரவல் கையெழுத்தையும் சொந்தக் கையெழுத்தையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? போட மறுக்க முடிகிறதா என்று பாருங்கள். மறுக்க முடியாத கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் அது இரவல்தான். கூட்டாண்மை என்று யார் சொன்னாலும் இப்போது நான் இதை வைத்துத்தான் உரசிப் பார்க்கிறேன்.

கூட்டாண்மை ஏன் இப்போது?

கனடாவில் கட்டுமான நிறுவனங்கள் இன்று போட்டி போட்டுக்கொண்டு பூர்வகுடிகளோடு ஒப்பந்தம் போடுகின்றன. நல்ல மனது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இந்த ஒப்பந்தங்களின் பின்னால் போராட்டங்களும் சட்டமும் பணக் கணக்கும் இருக்கின்றன.

முதலாவது நீதிமன்றம். பூர்வகுடிகளின் உரிமையைப் பாதிக்கக்கூடிய முடிவை எடுக்கும் முன் அரசு அவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2004-இல் ஹைடா மக்கள் தொடுத்த வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது. கடமை அரசுடையது, நிறுவனத்துடையது அல்ல. ஆனால் ஆலோசனை சரியாக நடக்கவில்லை என்றால் அனுமதி ரத்தாகும், திட்டம் நிற்கும், நஷ்டம் நிறுவனத்துக்கு. அதனால் நிறுவனங்கள் முன்கூட்டியே போய்ப் பேசத் தொடங்கின. வேலை, துணைக் கான்டிராக்ட், பணம் ஆகியவற்றைத் தருவதாக ஒப்பந்தம் போடப்படும். பெரும்பாலும் அதன் விவரங்கள் ரகசியம். என்ன வாங்கினோம், என்ன விட்டுக்கொடுத்தோம் என்பது பக்கத்துச் சமூகத்துக்குக்கூடத் தெரியாது.

இரண்டாவது உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்து, அவர்களின் மொழியையும் பண்பாட்டையும் அழித்த கொடுமை நூறு வருஷத்துக்கு மேல் நடந்தது. சுமார் 1,50,000 பிள்ளைகள். அதை விசாரித்த ஆணையம் 2015-இல் 94 பரிந்துரைகளைத் தந்தது. 92-ஆவது பரிந்துரை தனியார் நிறுவனங்களுக்கானது. முன்கூட்டியே, வற்புறுத்தல் இல்லாமல், முழுத் தகவலோடு சம்மதம் பெற்ற பிறகே திட்டத்தைத் தொடங்க வேண்டும், வேலையிலும் பயிற்சியிலும் சமவாய்ப்பு தர வேண்டும், வரலாற்றை ஊழியர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்கிறது அது. கவனியுங்கள், சம்மதம் முதலில் வருகிறது. பேனர்களில் வேலைவாய்ப்பு இருக்கும், பயிற்சி இருக்கும். சம்மதம் என்ற சொல்லைத்தான் தேட வேண்டியிருக்கும்.

மூன்றாவது டெண்டர். கனடா மத்திய அரசு தன் கொள்முதல் ஒப்பந்தங்களின் மதிப்பில் குறைந்தது 5 சதவீதம் பூர்வகுடி நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்று 2021-இல் அறிவித்தது. பூர்வகுடி நிறுவனம் என்றால் 51 சதவீத உரிமை அவர்களிடம் இருக்க வேண்டும். விதி வந்தால் அதற்கு ஒரு குறுக்குவழியும் வரும் என்பது நமக்குத் தெரியாததா? ஒரு பூர்வகுடி நபரைப் பெயருக்கு 51 சதவீதப் பங்காளி ஆக்கி, வேலையையும் லாபத்தையும் பெரிய நிறுவனமே எடுத்துக்கொள்வது நடக்கிறது. இதற்கு இங்கே ஆங்கிலத்தில் ஒரு கேலிப்பெயரே உண்டு. 'இறகை வாடகைக்கு எடுப்பது' என்று அர்த்தம். நம் ஊரில் பினாமி என்போம். 2024-இல் நாடாளுமன்றக் குழுவின் முன்னால்கூட இந்தப் பிரச்சினை பேசப்பட்டது. படிக்கும்போது சித்தியின் காசோலைப் புத்தகம்தான் கண் முன்னால் வந்தது.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் எழுதிய மக்கள் பங்கேற்பு பற்றிய கட்டுரையைச் சமூகவியல், சமூகப்பணி மாணவர்கள் படித்திருப்பீர்கள். பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக அவர் காட்டினார். நாலாவது படி கலந்தாலோசனை, ஐந்தாவது சமாதானப்படுத்துவது, ஆறாவது கூட்டாண்மை. முடிவெடுக்கும் அதிகாரம் கைமாறத் தொடங்குவது ஆறாவதில்தான். நான் போன விழாவில் ஐந்தாவது படியில் நின்றுகொண்டு ஆறாவது படியின் பேனரைப் பிடித்திருந்தோம்.

பாலத்தில் இறந்தவர்கள்

இந்தக் கூட்டாண்மை புதிதல்ல என்பதை இங்கே வந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1886-இல் மான்ட்ரியால் அருகே செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே ரயில் பாலம் கட்டினார்கள். பாலத்தின் ஒரு கரை கானவாகே என்ற மொஹாக் மக்களின் நிலத்தில் வந்தது. நிலத்தைப் பயன்படுத்திக்கொள்வதற்குப் பதிலாக, பாலம் கட்டிய நிறுவனம் அவர்களுக்கு வேலை கொடுக்க ஒப்புக்கொண்டது. முதலில் கொடுத்தது சாமான் இறக்கும் வேலை. ஆனால் அந்த ஆட்கள் பாலத்தின் மேல் ஏறிப் போய், ரிவெட் அடிக்கும் வேலையைக் கற்றுக்கொண்டார்கள். அப்படித் தொடங்கியதுதான் மொஹாக் இரும்பு வேலைக்காரர்களின் புகழ். நியூயார்க்கின் வானுயர் கட்டடங்கள் வரைக்கும் அவர்களின் கை பட்டிருக்கிறது.

1907 ஆகஸ்ட் 29 அன்று, கட்டி முடிக்கப்படாத கியூபெக் பாலம் ஆற்றில் விழுந்தது. 75 பேர் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் கானவாகே ஆட்கள். ஒரு சின்ன ஊரில் ஒரே நாளில் 33 சாவு. இரும்புத் துண்டுகள் வளைந்துகொண்டு போவதைச் சில நாட்களுக்கு முன்பே பார்த்திருந்தார்கள். எச்சரிக்கை மேலே போனது. வேலை மட்டும் நிற்கவில்லை. இறந்தவர்களுக்கு இரும்பு உத்தரத்தாலேயே சிலுவை செய்து ஊரில் நட்டார்கள். இனிமேல் எல்லா ஆண்களும் ஒரே வேலைக்குப் போகக் கூடாது, பிரிந்து பிரிந்துதான் போக வேண்டும் என்று அந்த ஊர்ப் பெண்கள் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள்.

இந்தக் கதையில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. மொஹாக் மக்களுக்கு உயரம் என்றால் பயமே கிடையாது, அது அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது என்று நிறுவனக்காரர்களும் பத்திரிகைகளும் எழுதினார்கள். அந்தத் தொழிலாளர்களில் பலர், எங்களுக்கும் பயம் உண்டு, அதைச் சமாளிக்கப் பழகினோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மலக்குழியில் நம் ஆட்களை இறக்கும்போது என்ன சொல்கிறார்கள்? "அவங்குளுக்கு இது பழக்கம்." ஆபத்தான வேலையை ஒரு சமூகத்தின் பிறவிக்குணம் ஆக்கிவிட்டால் பாதுகாப்புக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. செத்தால் அனுதாபம் தெரிவித்தால் போதும்.

1886 ஒப்பந்தத்தில் நிலம் கொடுத்தவர்களுக்குக் கூலி கிடைத்தது. பாலத்தில் பங்கு இல்லை. வளைந்த இரும்பைப் பார்த்து வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் இல்லை.

யார் கையெழுத்து?

சரி, ஒப்பந்தத்தில் பூர்வகுடித் தலைவர்களே கையெழுத்துப் போட்டால்? அப்போதும் கேள்வி முடிவதில்லை.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் 670 கிலோமீட்டர் நீளத்துக்கு 'கோஸ்டல் கேஸ்லிங்க்' எரிவாயுக் குழாய் போட்டார்கள். வழியிலிருந்த 20 பூர்வகுடிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வெட்சுவெட்டென் மக்களின் மரபுவழித் தலைவர்கள் மறுத்தார்கள். இந்த மன்றங்கள் 1876-இல் வந்த 'இந்தியன் சட்டம்' உருவாக்கியவை. அவற்றின் அதிகாரம் அரசு அளந்து கொடுத்த ஒதுக்கு நிலத்துக்குள் மட்டும் என்பது தலைவர்களின் வாதம். ஒதுக்கு நிலத்துக்கு வெளியே பரந்து கிடக்கும் பூர்வ நிலத்துக்குப் பொறுப்பு மரபுவழித் தலைவர்கள். 1997-இல் டெல்கமூக் வழக்கில், பூர்வகுடிகளின் நில உரிமை அழிந்துவிடவில்லை என்று உச்ச நீதிமன்றத்தைச் சொல்ல வைத்ததும் இவர்களும் அண்டைச் சமூகமான கிட்சன் தலைவர்களும்தான். ஆனாலும் போலீஸ் உள்ளே வந்தது. 2020 பிப்ரவரியில் கைதுகள் நடந்தபோது நாடு முழுக்க ரயில் பாதைகளில் மறியல் நடந்தது. கடைசியில் குழாய் போட்டு முடித்துவிட்டார்கள்.

இதை 'நல்ல பூர்வகுடிகள், விலைபோன பூர்வகுடிகள்' என்று பிரித்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. வேலை இல்லாத, வீடு இல்லாத ஊரில் கையெழுத்துப் போட்ட மன்ற உறுப்பினரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் முன்னால் இருந்தது பணத்தோடு வரும் குழாயா, பணம் இல்லாமல் வரும் குழாயா என்ற கேள்வி. குழாயே வேண்டாம் என்ற பதிலுக்கு அந்தத் தாளில் இடம் இல்லை. "போட்டுக் குடுத்துட்டுப் போயேன்" என்று சித்தியிடம் சொன்ன எங்கள் காலனி ஆட்கள் துரோகிகளா? தண்ணீர் இல்லாமல் இருந்தவர்கள்.

1913-இல் எரித்த ஊர்

நம்பிக்கை தருகிற ஓர் உதாரணமும் இருக்கிறது. எங்கள் அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான்.

வான்கூவர் நகரின் நடுவே, கடற்கழி ஓரத்தில் செனாக்வ் என்று ஓர் ஊர் இருந்தது. ஸ்க்வாமிஷ் மக்களின் ஊர். ஒதுக்கு நிலமாகச் சுமார் 80 ஏக்கர். நகரம் வளர்ந்து நிலத்தின் விலை ஏறியதும், 1913-இல் மாகாண அரசு அங்கிருந்த குடும்பங்களைப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டு வீடுகளைக் கொளுத்தியது. வழக்குப் போடலாமே என்பீர்கள். 1927 முதல் 1951 வரை, நில உரிமை வழக்குக்காக நிதி திரட்டுவதும் வக்கீல் வைப்பதும் பூர்வகுடிகளுக்குச் சட்டப்படி குற்றம். தடை போன பிறகு அவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 2000-களின் தொடக்கத்தில் 10.5 ஏக்கர் மட்டும் திரும்பக் கிடைத்தது, அதுவும் ஒரு பாலத்தின் இருபக்கமும் துண்டு துண்டாக.

அந்தத் துண்டு நிலத்தில் இன்று 11 கோபுரங்கள், சுமார் 6,000 வாடகை வீடுகள் எழுகின்றன. இதுவும் கட்டுமானக் கூட்டாண்மைதான். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். நிலம் ஸ்க்வாமிஷ் மக்களுடையது, அதை விற்கவில்லை. என்ன கட்டுவது, எவ்வளவு உயரம் என்பதை அவர்கள் முடிவு செய்தார்கள், மாநகராட்சி விதி அந்த நிலத்தில் செல்லாது. 2019 டிசம்பரில் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 87 சதவீத ஆதரவு கிடைத்த பிறகுதான் கட்டுமான நிறுவனத்தோடு கைகுலுக்கினார்கள். வெளியிலிருந்து வந்த பங்காளி பாதிக்குப் பாதி. மத்திய அரசின் வீட்டுவசதி நிறுவனம் 140 கோடி டாலர் கடன் கொடுத்தது. பக்கத்துப் பணக்காரத் தெருக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், தள்ளுபடியானது.

இதில் எனக்கும் கேள்விகள் உண்டு. பெரும்பாலான வீடுகள் சந்தை வாடகைக்கு. என் தங்குமிடத்தில் படுத்திருப்பவர்களால் அந்த வாடகை கொடுக்க முடியாது. அந்த 87-க்கு வெளியே 13 சதவீதம் பேர் இருக்கிறார்கள், அவர்கள் குரலும் குரல்தான். ஆனால் அது அவர்கள் தங்களுக்குள் வாக்குப்பெட்டி வைத்துத் தீர்த்துக்கொள்ளும் சண்டை. 'வேண்டாம்' என்பதற்கு அங்கே ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் செய்தவர்களையும் எண்ணினார்கள்.

நமக்கு என்ன?

பூர்வகுடிகளும் தலித்துகளும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு நிலத்தோடும் ஒப்பந்தங்களோடும் உள்ள உறவு வேறு, நம் வரலாறு வேறு. ஆனால் செங்கல்பட்டில் பிறந்த ஒருத்தி செனாக்வ் வேலி ஓரம் நின்றால் பஞ்சமி நிலம் ஞாபகம் வராமல் இருக்குமா? செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892-இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. மற்ற சாதியாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலம் எங்கே போனது என்று கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் சுடப்பட்டு உயிரிழந்தார்கள். என் அம்மா கல் சுமந்த கட்டடங்கள் எந்த நிலத்தில் நிற்கின்றன என்று நான் இதுவரை வில்லங்கம் போட்டுப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும்.

டெண்டரிலும் நமக்குப் பாடம் உண்டு. 2002 போபால் பிரகடனம், அரசும் தனியாரும் தலித் தொழில்முனைவோரிடம் கொள்முதல் செய்ய வேண்டும் என்று கேட்டது. 2012-இல் மத்திய அரசு, பொதுத்துறைக் கொள்முதலில் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்று ஆணையிட்டது. பல ஆண்டுகளாக நடைமுறை அந்த இலக்குக்கு வெகு கீழேயே இருக்கிறது. கர்நாடகம் 2017-இல் 50 லட்ச ரூபாய் வரையிலான கட்டுமானப் பணிகளில் பட்டியல் சாதி, பழங்குடி ஒப்பந்ததாரர்களுக்கு இடஒதுக்கீடு கொடுத்தது, பிறகு வரம்பை ஒரு கோடியாக உயர்த்தியது. தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். கேட்கும்போதே பினாமிக்கு வழி அடைத்துக் கேட்க வேண்டும்.

நாளைக்கு உங்களில் யாராவது களப்பணிக்குப் போவீர்கள். ஒரு நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதியோடு காலனிக்குள் வரும், கூட்டாண்மை என்று சொல்லும். விரட்டி அடிக்கச் சொல்ல மாட்டேன். மூன்று கேள்வி கேளுங்கள். நம் மக்கள் வேண்டாம் என்றால் இந்தத் திட்டம் நிற்குமா? ஒப்பந்தத்தை ஊர்க்கூட்டத்தில் வாய்விட்டுப் படிக்க முடியுமா? ஒரு வருஷம் கழித்து எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள், என்ன தொழில் கற்றிருப்பார்கள்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் போட்டோவுக்கு நிற்காதீர்கள்.

இந்தக் கேள்விகளில் மூன்றாவதை நான் கேட்டுப் பார்த்தேன். அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தாள் வந்தபோது, ஓர் ஆண்டு கழித்து எத்தனை பேர் நீடித்தார்கள், எத்தனை பேர் அப்ரண்டிஸ் பயிற்சிக்குப் போனார்கள் என்ற கணக்கைத் தந்தால் கையெழுத்துப் போடுகிறோம் என்று எழுதினேன். ரொம்ப மரியாதையாக நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் வந்தது. பிறகு அவர்கள் வேறோர் அமைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். என் மேலதிகாரிக்கு என் மேல் வருத்தம். எங்கள் வெற்றிக் கணக்கு அந்த ஆண்டு குறைந்தது. நிதி தருபவர்களுக்கு, நாலு வாரம் என்ற விதியை மாற்றுங்கள் என்று ஒரு கடிதமும் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

ஊருக்கு போன் செய்து சித்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். "வேலைய விட்டுத் தூக்கிட மாட்டாங்களே?" என்றார் முதலில். பிறகு, "சரி, போடாதத போடாதன்னு விட்டுட்ட இல்ல, அது போதும்" என்றார்.

அந்தத் தம்பி இப்போது ஒரு பூர்வகுடிச் சமூகத்துக்குச் சொந்தமான கட்டுமான நிறுவனத்தில் தச்சு வேலைக்கு முதலாம் ஆண்டு அப்ரண்டிஸ். போன வாரம் தெருவில் பார்த்தேன். அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அங்கயும் மழையிலதான் நிக்கணும். சம்பளமும் பெருசா ஒண்ணும் கூட இல்ல. ஆனா போன மாசம் சாரம் சரியில்ல, ஏற மாட்டேன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"சாரத்தப் பிரிச்சுத் திரும்பக் கட்டுனாங்க."

ஜெய் பீம்.